கணிதப் பேராசான் மகாவீராசாரியர்

இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரரின் திருப்பெயரையே தம் பெயராகக் கொண்டு, அப்பெருமானுக்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்குப் பின்னர் கன்னட நாட்டில் வாழ்ந்த அறிஞர் ஒருவர் உண்டு. பெயரொற்றுமையால் மயக்கம் நேராதிருக்க இவ்வேறுபாட்டை முதற்கண் சொல்லிவிடுவது நன்று. கணித வரலாற்றாசிரியர்கள் மகாவீராசாரியர் என்று போற்றும் அப்பெரியார் திகம்பர மரபினர், கணிதசார சங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றியவர், கி.பி. 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளங்கியவர்.

தம் பெற்றோர் யாவர், பிறந்த ஊர் யாது, எவரிடம் பாடம் கேட்டார் என்பன பற்றி அவர் தம் நூலில் ஒரு சொல்லும் எழுதி வைக்கவில்லை. அந்நாளைய ஆசாரியர் பலரின் வழக்கம் அதுவே. ஆனால் தம் காலத்து அரசனை அவர் மறவாது வாழ்த்தியிருக்கிறார். நிருபதுங்கன் என்னும் விருதுப்பெயர் தாங்கிய அமோகவர்ஷனே அவ்வரசன் என்பதால் நூலாசிரியரின் காலம் ஐயமற விளங்குகிறது. அவரது வாழ்வை அறிய விழைவோர்க்கு அவ்வரசனின் நாடும், 1100க்கும் மேற்பட்ட சுலோகங்களால் ஆகிய அந்நூலுமே வழி.

இராட்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷன் இளம்பருவத்திலேயே அரியணை ஏறி, 814 முதல் ஏறத்தாழ 878 வரை ஆண்டவன். இன்றைய கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என்னும் சிற்றூராய் நிற்கும் மானியகேடமே அவன் தலைநகர். கன்னட மொழியில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய நூலாகிய கவிராஜமார்க்கம் அவனது அவையில் தோன்றியது. வீரசேனாசாரியர் தவளம் என்னும் பேருரையை முடித்ததும், அவர்தம் மாணாக்கர் ஜினசேனாசாரியர் ஜயதவளத்தை 837ஆம் ஆண்டில் நிறைவேற்றியதும் இக்காலப் பகுதியிலேயே. ஜினசேனரின் திருவடிகளை வணங்கித் தன்னைத் தூயனாக்கிக் கொண்டவன் அமோகவர்ஷன் என்று குணபத்திராசாரியர் உத்தர புராணத்தில் குறித்திருக்கிறார். தமிழ்ச் சமணர் இல்லந்தோறும் படிக்கப்பெற்று வந்த ஸ்ரீபுராணத்துக்கு முதல்நூலாய் அமைந்தது இந்த ஜினசேனரும் குணபத்திரரும் இயற்றிய மகாபுராணமே. ஆகவே மகாவீராசாரியர் நமக்கு அயலவர் அல்லர். ஸ்ரீபுராணம் பிறப்பதற்கு மூலமான அதே அறிவுச் சூழலில் அவர் கணிதம் எழுதினார்.

அச்சூழலில் எண் என்பது வெறும் கடைத்தெருச் சரக்கன்று. நான்கு அனுயோகங்களுள் ஒன்றாகிய கரணானுயோகம் உலகின் அமைப்பையும் அளவையும் கூறுவது. ஜம்பூத்வீபத்தின் விட்டம், அதனைச் சூழ்ந்த கடல்களின் பரப்பு, கருமங்களின் வகை, ஜீவராசிகளின் தொகை ஆகியவற்றைச் சொல்லப் புகுந்த ஆசாரியர்கள் எண்ணத்தக்கது, எண்ணிறந்தது, அனந்தம் என எண்களையே மூவகைப்படுத்தி ஆராய்ந்தனர். வீரசேனர் தம் உரையில் அர்த்தச்சேதம் என்றொரு கருத்தைக் கையாள்கிறார். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்க இயலுமோ அத்தனையே அதன் அர்த்தச்சேதம். 8க்கு 3, 1024க்கு 10. இன்றைய கணிதத்தில் இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை என்பது இதுவே. சித்தாந்தத்தின் பெருந்தொகைகளை அடக்கிச் சொல்லப் பயன்பட்ட இக்கருத்தைப் படிப்போர் நினைவில் நிறுத்திக்கொள்வாராக. வணிகக் கணக்கு ஒன்றில் அது மீண்டும் தலைகாட்டும்.

மகாவீராசாரியரின் காலத்துக்கு முன்னர் ஆரியபட்டரும் பிரமகுப்தரும் கணிதத்தைத் தம் வானியல் நூல்களின் உள்ளே சில அதிகாரங்களாக அமைத்தனர். இவரோ கோள்களின் கணக்கை ஒதுக்கி வைத்து, கணிதத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒன்பது அதிகாரங்கள் எழுதினார். ஜினேந்திரரை வணங்கி, அரசனை வாழ்த்தியபின், கணிதத்தின் பயனை அவர் விரிக்கும் பகுதி பெரிதும் சுவையுடையது. இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக்கலை, யாப்பு, தருக்கம், இலக்கணம், கோள்களின் இயக்கம், தீவுகளும் கடல்களும் என எதை எடுத்தாலும் அங்கே கணிதம் நிற்கிறது என்பது அவர் துணிபு. சமையலையும் வானத்தையும் ஒரே வரிசையில் வைத்த அம்மனத்தை எண்ணிப் பார்த்தல் தகும். தம் நூலில் உள்ளவை தாமே கண்டவை என்றும் அவர் உரிமை கொண்டாடவில்லை. முன்னோர் திரட்டிய எண்ணறிவுக் கடலிலிருந்து, அவர்தம் மாணாக்கர் வழியே, சாரமானவற்றைத் தொகுத்ததாகவே சொல்கிறார். சாரசங்கிரகம் என்னும் பெயர் அதனால் வந்தது.

நூலின் கட்டமைப்பை நோக்கினால் அவர் யாருக்காக எழுதினார் என்பது புலனாகும். முதலில் கரணசூத்திரம் வரும். அதாவது செய்முறையை அடியடியாய்ச் சொல்லும் விதி. அடுத்து உத்தேசகம் வரும். அவ்விதியைக் கொண்டு மாணாக்கன் விடை காணவேண்டிய கணக்கு. நிறுவல்கள் இல்லை. இது செய், பின் இது செய், இது நேர்ந்தால் அது செய், இங்கே நிறுத்து என்பதே கரணசூத்திரத்தின் நடை. இன்றைய கணினியியலார் அல்காரிதம் என்று வழங்கும் படிமுறையும் இத்தகையதே. அல்காரிதம் என்னும் அச்சொல்லோ, மகாவீராசாரியரின் காலத்தை ஒட்டிப் பாக்தாது நகரில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்னும் அறிஞரின் பெயர் இலத்தீனில் திரிந்து பிறந்தது. அவரும் பாகப்பிரிவினை, வாணிகம், நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல் ஆகிய அன்றாட அலுவல்களுக்கு உதவவே தம் இயற்கணித நூலை எழுதினார். ஒரே நூற்றாண்டில், ஒருவரையொருவர் அறியாத இருவர், வெவ்வேறு மொழியில், ஒரே வகைத் தேவைக்கு விடை எழுதிக்கொண்டிருந்தனர்.

கணக்கனுக்கு இருக்கவேண்டிய பண்புகள் எட்டு என மகாவீராசாரியர் தொகுத்துக் கூறுகிறார். அவற்றுள் முதலில் நிற்பது இலகுகரணம்; சுருங்கிய வழியில் விரைந்து செய்யும் ஆற்றல். ஆராய்ந்து கொள்ளுதல், தவறானதை விலக்குதல், சோம்பலின்மை, கருத்தில் கொள்ளுதல், மறவாமை, புதிய உபாயம் காணுதல் முதலியன தொடர்ந்து வருகின்றன. விடை சரியாயிருப்பது மட்டும் போதாது, அதற்குச் செலவாகும் உழைப்பும் குறைய வேண்டும் என்பது இதன் உட்கிடை. இன்றைய கணினியியல் கோட்பாட்டின் நடுநாயகமான வினாவும் அதுவே: ஒரு கணக்கைச் செய்ய எத்தனை படிகள் வேண்டும்?

இப்பண்பு அவர் நூலில் செயலாவதைக் காண ஒரு கணக்கு போதும். வணிகன் ஒருவன் முதல் நகரில் 2 பொற்காசு ஈட்டுகிறான். அடுத்தடுத்த நகரில் முன்னதைப்போல் மும்மடங்கு ஈட்டிச் செல்கிறான். எட்டாம் நகரில் அவன் ஈட்டியது எவ்வளவு என்பது கேள்வி. 2ஐ ஏழு முறை மும்மடங்காக்கினால் விடை வரும். எண் சிறிதாயின் அப்படியே செய்துவிடலாம். நகரங்கள் நூறானால் என் செய்வது? அதற்கு ஆசாரியர் கூறும் வழி இது. மடங்காக்க வேண்டிய தடவைகளின் எண்ணை எடுத்துக்கொள்க. அது இரட்டையாயின் பாதியாக்கிச் சுழி இடுக. ஒற்றையாயின் ஒன்று கழித்து, ஒன்று என எழுதுக. எண் அற்றுப்போகும் வரை இப்படியே செய்க. பின்னர்க் கீழிருந்து மேலாகத் திரும்பி வருக. ஒன்று உள்ள இடத்தில் பெருக்குக, சுழி உள்ள இடத்தில் வர்க்கமாக்குக.

ஏழை எடுத்துச் செய்து பார்க்கலாம். 7 ஒற்றை, ஒன்று கழிக்க 6, எழுதுவது ஒன்று. 6ஐப் பாதியாக்க 3, எழுதுவது சுழி. 3 ஒற்றை, கழிக்க 2, எழுதுவது ஒன்று. 2ஐப் பாதியாக்க 1, சுழி. 1ஐக் கழிக்க எண் அற்றது, எழுதுவது ஒன்று. இனித் திரும்புக. கடைசியில் உள்ள ஒன்றுக்கு 3. சுழிக்கு வர்க்கம், 9. ஒன்றுக்கு மும்மடங்கு, 27. சுழிக்கு வர்க்கம், 729. ஒன்றுக்கு மும்மடங்கு, 2187. இதனை முதல் ஈட்டமாகிய 2ஆல் பெருக்க, எட்டாம் நகரின் ஈட்டம் 4374 பொன்.

ஏழு போன்ற சிற்றெண்ணில் இதன் வலிமை தெரியாது. 1024 தடவை மடங்காக்க வேண்டுமெனில், ஒவ்வொன்றாகச் செய்வோன் 1023 பெருக்கல் செய்து ஓய்வான். இம்முறையைப் பின்பற்றுவோன் பத்து வர்க்கத்தில் முடித்து எழுவான். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? 1024இன் அர்த்தச்சேதம் அது. உலகையும் கருமத்தையும் அளக்க வீரசேனர் கையாண்ட அளவும், வணிகனின் ஈட்டத்தைக் கணிக்க எழுந்த செய்முறையின் நீளமும் ஒன்றே. தவளம் கண்ட தலைமுறையும் கணிதசார சங்கிரகம் கண்ட தலைமுறையும் அடுத்தடுத்தவை என்பதை நினைக்கையில், கோட்பாடும் வழக்கும் இவ்வளவு அருகில் வாழ்ந்தனவே என்னும் வியப்பு எழாமலிராது.

இம்முறைக்கு வேர் இன்னும் பழமையானது. யாப்பில் குறில் நெடில் அமைப்புகளை எண்ணும்பொருட்டு இரண்டின் அடுக்குகளைக் காணப் பிங்கலர் இதே வழியைத் தம் சந்த சாத்திரத்தில் கூறிவிட்டார். அதனை எவ்வெண்ணின் அடுக்குக்கும் உரியதாக விரித்து, தொடர்க்கணக்குக்குப் பயன்படுத்தி, மாணாக்கர் கையில் தந்தது மகாவீராசாரியரின் பணி. எல்லாவற்றையும் நம்மவரே முதலில் கண்டனர் என்று முழங்குவது விழாமேடைகளில் எளிது. தொகுத்துத் தந்தேன் என்று சொன்ன ஓர் ஆசாரியருக்கு அம்முழக்கம் பெருமை சேர்க்காது.

இன்று வங்கிச் செய்திகளையும் பணப் பரிமாற்றத்தையும் காக்கும் மறைக்குறி முறைகள் பலவற்றில், ஓர் எண்ணை மிகப்பெரிய அடுக்குக்கு உயர்த்தி மீதி காணும் கணக்கு இடம்பெறுகிறது. அந்த அடுக்கெண்ணே 600 இலக்கங்களுக்கு மேல் நீள்வதுண்டு. ஒவ்வொன்றாய்ப் பெருக்கினால் உலகிலுள்ள கணினிகள் யாவும் சேர்ந்து முயன்றாலும் முடியாது. பாதியாக்கு, வர்க்கமாக்கு என்னும் வழியில் சென்றால் சில ஆயிரம் பெருக்கலில், இமைப்பொழுதில் முடிகிறது. இன்றைய பொறியாளர் அதனை மகாவீராசாரியரிடமிருந்து கற்றார் என்பதில்லை. தேவை ஒன்றாயிருந்தபோது வழியும் ஒன்றாய் அமைந்தது.

பின்னங்களைப் பற்றிய அதிகாரம் கலாசவர்ணம் எனப்படும். முக்கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னத்தில் புழங்கிய தமிழர்க்கு இவ்வதிகாரம் நெருக்கமாய்த் தோன்றும். பல பின்னங்களைக் கூட்டும்போது பகுதிகளை எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கிப் பேரெண்ணை உண்டாக்கிக்கொள்ளாமல், அவற்றின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டு கூட்டுமாறு அவர் பணித்தார். நிருத்தம் என்று அதற்குப் பெயர் இட்டார். இந்தியக் கணித நூல்களில் இம்முறையைத் தெளிவாக வைத்த பெருமை அவருடையது. இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்வது இதுவே.

அதே அதிகாரத்தில், எந்தப் பின்னத்தையும் தொகுதி ஒன்றாகவுள்ள பின்னங்களாகப் பிரிக்கும் வழியும் உண்டு. பகுதியோடு ஓர் எண்ணைச் சேர்த்து, அது தொகுதியால் மீதியின்றி வகுபடச் செய்க. வந்த ஈவு முதற்பின்னத்தின் பகுதி. சேர்த்த எண்ணை மேலே வைத்து, ஈவையும் பழைய பகுதியையும் பெருக்கிக் கீழே வைத்தால் எஞ்சிய பின்னம். அதற்கும் இப்படியே செய்க. ஏழில் மூன்று பங்கை எடுத்துக்கொள்வோம். 7உடன் 2 சேர்க்க 9. அதனை 3ஆல் வகுக்க 3. ஆகவே முதற்பின்னம் 1/3, எஞ்சியது 2/21. இனி 21உடன் 1 சேர்க்க 22; 2ஆல் வகுக்க 11. ஆகவே அடுத்தது 1/11; எஞ்சியது 1/231. முடிந்தது: 3/7 என்பது 1/3, 1/11, 1/231 ஆகியவற்றின் கூட்டு.

இதில் கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்று. சேர்க்கும் எண்ணை இயன்றவரை சிறிதாகக் கொண்டால் அது எப்போதும் தொகுதியைவிடக் குறைவாகவே இருக்கும். அதுவே அடுத்த பின்னத்தின் தொகுதியாவதால், தொகுதி படிதோறும் தேய்ந்து ஒன்றில் வந்து நிற்கும். ஆகவே இச்செய்முறை என்றேனும் முடியுமோ, முடிவின்றிச் சுழலுமோ என்னும் அச்சத்துக்கு இடமில்லை. ஒரு படிமுறை நிற்கும் என்னும் உறுதியே அதனை நம்பிப் பிறரிடம் ஒப்படைக்கத் தக்கதாக்குகிறது. கணினியியல் மாணாக்கர் இன்றும் முதலில் கேட்கப் பழகும் கேள்வியும் அதுவே. ஐரோப்பாவில் இதே வழியைப் பிபொனாச்சி எழுதியது 1202ஆம் ஆண்டில், ஏறத்தாழ 350 ஆண்டுகள் பிந்தி.

மிச்ரகம் என்னும் ஆறாம் அதிகாரமே நூலில் மிகப் பெரியது. வட்டியும் முதலும் கலந்த கணக்கு, கூட்டு வாணிகத்தில் ஆதாயம் பிரிக்கும் கணக்கு, பொன் உருக்கிக் கலக்கும் கணக்கு என வணிகரின் உலகம் முழுவதும் அங்கே விரிகிறது. பொன்னின் மாற்றை அவர் 16 வர்ணமாகக் கொள்கிறார். 16 மாற்றுப் பொன்னில் 4 பங்கும் 11 மாற்றுப் பொன்னில் 6 பங்கும் சேர்த்து உருக்கினால், எடையையும் மாற்றையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டி மொத்த எடையால் வகுக்க வேண்டும்; 64உம் 66உம் சேர்ந்த 130ஐப் பத்தால் வகுக்க, கலந்த பொன் 13 மாற்று. இது எளிய வகை. கலவையின் மாற்று தெரிந்திருக்கக் கலந்தவற்றின் எடை யாது, அல்லது மாற்று யாது எனப் பின்னோக்கிக் கேட்கும் வகைகளையும் அடுக்கடுக்காய்த் தருகிறார்.

பற்றறுக்கச் சொல்லும் மரபில் வந்தவர் வட்டிக்கும் பொன்னுக்கும் இத்தனை சுலோகங்களைச் செலவிடலாமா என்று ஒருவர் வினவலாம். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களை நினைவுகூர்ந்தால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். கள்ளாமை விரதத்தின் வழுக்களாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணும் ஐந்தனுள், குறைத்தும் கூட்டியும் அளத்தலும், மட்டமான பொருளை நல்லதோடு கலந்து விற்றலும் இடம்பெறுகின்றன. மாற்றுக் கணக்குத் தெரியாத பொன்வணிகன் அறியாமலே அவ்வழுவில் விழக்கூடும். தெரியாத கொள்முதல்காரன் ஏமாறக்கூடும். இருவர் கையிலும் ஒரே கரணசூத்திரம் இருக்குமாயின் அங்கே வாக்குவாதத்துக்கு வேலையில்லை. விதி எவர் செய்தாலும் ஒரே விடையைத் தரும். செல்வனுக்கு ஒன்றும் வறியவனுக்கு ஒன்றுமாகத் தராது. வணிகச் சமூகம் ஒன்றுக்கு இது சிறிய கொடை அன்று.

கணக்குகளைச் சொல்லும்போது ஆசாரியரின் உள்ளே இருந்த கவிஞர் அடிக்கடி வெளிப்படுகிறார். கனிமரங்கள் தாழ்ந்து நிற்க, கிளியும் குயிலும் ஒலிக்க, தாமரைச் சுனை விளங்கும் காட்டின் ஓரத்தில் வழிப்போக்கர் 23 பேர் மகிழ்ந்து நுழைகின்றனர். அங்கே ஒரே அளவினவாய் 63 வாழைப்பழக் குவியல்களும், தனியே 7 பழங்களும் உள்ளன. அனைவரும் மீதியின்றிச் சமமாய்ப் பகிர்ந்தனர் எனில் ஒரு குவியலில் எத்தனை பழம்? குவியலுக்கு 5 எனக் கொண்டால் மொத்தம் 322, ஆளுக்கு 14. இவ்விடையை ஊகித்துக் காண்பது ஒரு வழி. ஆசாரியர் கற்பிப்பது குட்டகம் என்னும் வழி. 63ஐ 23ஆல் வகுத்து, மீதியால் மீண்டும் வகுத்து, வந்த ஈவுகளைக் கொடிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதி மேல்நோக்கிக் கூட்டிச் செல்வது. அதனால் அதற்கு வல்லிகா குட்டீகாரம் என்று பெயரிட்டார். வல்லி என்பது கொடி. ஆரியபட்டர் தொடங்கி வைத்த இம்முறையை இவர் பலவகைக் கணக்குக்கும் பொருத்தி வளர்த்தார்.

ஆறு சுவைகளை ஒன்றாகவும் இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் எத்தனை வகையில் சேர்க்கலாம் என்பதும் அவர் தொடுத்த வினாக்களுள் ஒன்று. சேர்க்கைகளின் எண்ணிக்கையைக் காணும் பொதுவிதியை எவ்வெண்ணுக்கும் பொருந்துமாறு அவர் சொல்லிவிட்டார். ஆறு சுவைக்கு 6, 15, 20, 15, 6, 1 என வரும்; கூட்டினால் 63. சமையலறைக்கும் கணிதம் வேண்டும் என்று முகப்பில் சொன்னவர் தம் வாக்கைக் காத்தார். மாலைபோல் இருபுறமும் ஒத்து வரும் எண்களிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. 142857143ஐ 7ஆல் பெருக்கினால் 1000000001 வரும். இரு முனையிலும் மணி வைத்த அந்த எண்ணை அரசர்க்குரிய கழுத்தணி என்றார்.

நிலமும் வட்டமும் அளக்கும் அதிகாரத்தில் அவர் மேற்கொண்ட நெறி தனித்துக் குறிப்பிடத் தக்கது. ஒவ்வொரு வடிவுக்கும் வழக்குக்குரிய பருமட்டான விதி ஒன்றும், நுண்ணிய விதி ஒன்றும் வேறுவேறாய்த் தந்தார். வட்டத்தின் சுற்றளவுக்கு விட்டத்தை மூன்றால் பெருக்கினால் வழக்குக்குப் போதும். நுண்மை வேண்டுவோர் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குக. வயலுக்கு வேலி இடுவோனுக்கு முதல் விதி. தச்சனுக்கும் சிற்பிக்கும் இரண்டாம் விதி. பருமட்டானதைப் பருமட்டானது என்றே பெயரிட்டுக் கொடுப்பது நேர்மையின்பாற்பட்டது. விரைவாய்க் கிடைக்கும் அண்மை விடையா, நேரம் எடுக்கும் துல்லிய விடையா என்னும் தேர்வு இன்றைய கணினிப் பொறியாளர்க்கும் நாள்தோறும் வருவதே.

அவர் சறுக்கிய இடங்களும் உண்டு. அவற்றை மறைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அவ்வெண் மாறாதிருக்கும் என்று எழுதினார். அது பொருந்தாது, மூன்று நூற்றாண்டு கழித்துப் பாஸ்கரர் அதனை வேறு வகையாக அணுகினார். நீள்வட்டத்தை ஆராயத் துணிந்த பழைய இந்தியக் கணிதர் இவரே. அதன் சுற்றளவுக்குச் சொன்ன விதி உண்மைக்கு நெருங்கி வந்தது, பரப்புக்குச் சொன்னது நெருங்கவில்லை. மறுபுறம், குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை, ஏனெனில் எந்த எண்ணின் வர்க்கமும் குறை எண்ணாவதில்லை என்று தெளிவுறக் கூறியவரும் இவரே. ஐரோப்பியர் இக்கேள்வியோடு மல்லாடத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில்.

அமோகவர்ஷன் தன் இறுதிக் காலத்தில் அரசைத் துறந்து அறவாழ்வு மேற்கொண்டதாக மரபு கூறும். அவனுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்குள், 972இல், பரமார மன்னன் சீயகன் மானியகேடத்தைச் சூறையாடினான். இராட்டிரகூடர் ஆட்சி அத்தோடு சாய்ந்தது. ஆனால் நூல் அழியவில்லை. 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா அதனைத் தெலுங்கில் செய்யுளாக ஆக்கினார். தெலுங்கில் தோன்றிய பழைய அறிவியல் நூல்களுள் அது ஒன்று. கன்னட நாட்டு மடங்களிலும் பண்டிதர் இல்லங்களிலும் ஓலை தேயத் தேயப் புதிய ஓலையில் படி எடுத்து வந்தனர். பெயர் தெரியாத அந்த எழுத்தாளர்களுள் எத்தனை பேர் கணிதம் அறிந்திருப்பர்? பொருள் விளங்காத இடத்திலும் எழுத்து வழுவாது எழுதிய கைகளும் அவற்றுள் இருந்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியராகவும், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் இருந்தவர் ம. ரங்காசாரியார். இந்தியக் கணித வரலாற்றுக்குப் புதுவெளிச்சம் தரும் நூல் ஏதும் நூலகத்தில் உண்டோ எனத் தேடுமாறு அந்நாளைய கல்வித்துறை இயக்குநர் ஸ்டூவர்ட் அவரைக் கேட்டுக்கொண்டார். தேடியபோது கணிதசார சங்கிரகத்தின் மூன்று படிகள் அகப்பட்டன, மூன்றும் குறையுள்ளவை. மைசூரிலிருந்தும் மூடபித்திரிச் சமண மடத்திலிருந்தும் வேறு படிகளை வருவித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மூலத்தைச் செப்பம் செய்து, ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கக் குறிப்பும் எழுதி முடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அப்பணி நடந்துகொண்டிருக்கையிலேயே, 1908இல் ரோம் நகரில் கூடிய கணித அறிஞர் பேரவையில் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித் இந்நூலை உலகுக்கு அறிமுகம் செய்தார். 1912இல் சென்னை அரசாங்க அச்சகம் நூலை வெளியிட்டது. ஸ்மித்தின் முன்னுரையும் அதில் இடம்பெற்றது. 1963இல் சோலாப்பூரில் இலட்சுமிசந்திர ஜெயினின் இந்திப் பதிப்பு வந்தது; கன்னட மொழிபெயர்ப்பும் பின்னர் வந்தது.

சென்னையில் கிடைத்த அந்த மூன்று குறைப்படிகளுள் ஒன்று கிரந்த எழுத்தில் எழுதப்பட்டது. வடமொழி உரையுடன் முதல் ஐந்து அதிகாரங்களைக் கொண்டது. பழந்தொகையும் பொன் மாற்றும் வரும் ஆறாம் அதிகாரம் அதில் இல்லை. பாதியாக்கி வர்க்கமாக்கும் விதியும், பின்னத்தைப் பிரிக்கும் விதியும் இரண்டாம் மூன்றாம் அதிகாரங்களைச் சேர்ந்தவையாதலின், தமிழ்நாட்டில் வடமொழி எழுதப் பயின்ற அந்த எழுத்திலும் அவை படி எடுக்கப்பட்டிருந்தன.